டச்பேட் மதிக்காத விரல்

மேஸ்திரிக்கு ரசமட்டம் என்ற பட்டப்பெயரை வைத்தது யார் என்று கேட்டால், அவரோடு வேலை பார்த்த அத்தனை பேரும் தாங்கள்தான் என்பார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் ஒரு சாண்கூட நீளமில்லாத ரசமட்டம் வைத்திருப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் இடம் மட்டம், ஒதுங்கினால் கோணல். தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரியிடம் அது இருப்பதில் அதிசயமில்லை. டீக்கடை மேசையிலும் பஸ் நிற்குமிடத்துப் பெஞ்சிலும் அதை வைத்துப் பார்ப்பார் என்பதுதான் சங்கதி. ஒரு முறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தார். பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இடது பக்கம் ரெண்டு நூல் இறக்கம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டார் அவரோடு பேச்சை நிறுத்தி ஆறு வருடமாகிறது. ஜன்னலை மட்டும் சரி செய்துவிட்டார்கள் என்று கேள்வி.

நேருக்கு நேர் யாரும் அவரை ரசமட்டம் என்று கூப்பிட மாட்டார்கள். மேஸ்திரி என்பார்கள். முப்பத்தொரு வருடம் முட்டி போட்டு நகர்ந்தே எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்டவர். அந்த முட்டிதான் கடைசியில் மக்கர் பண்ணியது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே காணோம் என்றார். டைல்ஸுக்கு இடையில் சந்து விடுவதற்கு வைக்கும் பிளாஸ்டிக் துண்டை வைக்காமல் பதித்தால் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும் என்று ரசமட்டம் தலையாட்டினார். டாக்டருக்கு அந்த நயம் புரியவில்லை. இனி முட்டி போடவே கூடாது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

டைல்ஸ் மேஸ்திரி முட்டி போடக் கூடாது என்றால் பிறகு என்ன செய்வது? வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்க்கலாம். இரண்டு மாதம் பார்த்தார். கூரையும் மட்டமில்லை என்று கண்டுபிடித்தார். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலையில் இருந்த அவர் மனைவி, இந்த மனுஷனை இப்படியே விட்டால் வீட்டை இடித்துத் திருப்பிக் கட்டச் சொல்வார் என்று பயந்து, தன் தம்பியின் கடைக்கு அனுப்பி வைத்தார். தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அங்கே மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடித்து, எந்த அறையில் எந்த டைல்ஸ் எப்படி விழும் என்று வரையக் கற்றுக்கொண்டார் ரசமட்டம். நாலு மாதத்தில் கை நன்றாகவே படிந்துவிட்டது. மேஸ்திரி வரைகிறாராம் என்ற சேதி டைல்ஸ் கடை முதலாளியம்மா காதுக்குப் போனது.

முதலாளியம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. கட்டி முடியாத வீடுகளுக்குப் போய் அளவெடுத்து, வீட்டுக்காரர் முன்னாலேயே லேப்டாப்பில் வரைந்து, அவர்கள் மாற்றச் சொன்னால் நின்ற இடத்திலேயே மாற்றிக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார். "சனிக்கிழமை ஒரு வீடு இருக்கு மேஸ்திரி. வந்து வரைஞ்சு காட்டுங்க. சரியா வந்தா திங்கட்கிழமையில இருந்து வேலை. வரலைன்னா வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு, தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. அன்றைக்குத் திங்கட்கிழமை.

லேப்டாப் கொடுத்தது மைத்துனன். யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன பழைய பெட்டி. அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். லினக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். யாரும் பூட்டுப் போடாத சாஃப்ட்வேர், உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் திறந்து பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம் என்று கடைக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வான். பாதிப் பேர் அதற்குப் பயந்தே ரிப்பேருக்கு வேறு கடைக்குப் போனார்கள்.

கூடவே ஒரு மவுஸும் கொடுத்தான். ஆனால் கட்டி முடியாத வீட்டில் மேசை ஏது? செவ்வாய்க்கிழமை காலை, பழைய கூட்டாளி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டில் போய் ஒத்திகை பார்த்தார் ரசமட்டம். சிமெண்டு மூட்டைமேல் மவுஸை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் அது மூட்டை விளிம்பைத் தாண்டி, டைல்ஸ் சந்துக்குப் பூசக் கரைத்து வைத்திருந்த வாளிக்குள் தலைகுப்புற விழுந்தது. எடுத்துக் கழுவிப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. ஆக, லேப்டாப்பை இடது முன்கையில் தாங்கிக்கொண்டு, கீபோர்டுக்குக் கீழே இருக்கும் டச்பேட் என்ற சதுரத்தில் விரலைத் தேய்த்துத்தான் அம்புக்குறியை ஓட்டியாக வேண்டும்.

தேய்த்தார். அம்புக்குறி அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். ம்ஹூம். கூட்டாளி வந்து, பதித்த டைல்ஸின் அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல டச்பேடை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சத்தம் வெத்தா வருது மேஸ்திரி, அடியில சரியா ஒட்டலை என்று தீர்ப்புச் சொன்னார். ரசமட்டத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நேராக மைத்துனன் கடைக்கு நடையைக் கட்டினார்.

விரல் சொல்வதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்லத் தரகர் மாதிரி ஒரு சின்ன சாஃப்ட்வேர் உள்ளே இருக்கிறது. அதற்கு டிரைவர் என்று பெயர். இந்தப் பெட்டியில் பழைய டிரைவர் ஒன்று, புது டிரைவர் ஒன்று, இரண்டும் இருந்து ஒன்றின் காலை ஒன்று வாரிவிடுகிறது என்றான் மைத்துனன். கறுப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தாகத் தட்டித் தள்ளி, பழையதைத் தூக்கினான். பிறகு தன் விரலை வைத்துத் தேய்த்தான். அம்புக்குறி பாய்ந்தோடியது. சரியாகிவிட்டது என்று பெட்டியை மூடிக் கொடுத்தான். ரசமட்டம் வீட்டுக்கு வந்து திறந்தார். அம்புக்குறி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் மறுபடியும் போனார். இந்தத் தடவை பழையதைத் திரும்ப வைத்துப் புதியதைத் தூக்கினான். தன் விரலை வைத்தான், ஓடியது. ரசமட்டம் வீட்டுக்கு வந்தார், ஓடவில்லை. புதன்கிழமை காலை லினக்ஸையே மொத்தமாக அழித்து வேறொரு வகை லினக்ஸ் ஏற்றினான். ஓடியது. வீட்டில் ஓடவில்லை. நோயாளிக்குக் காய்ச்சலா என்று பார்க்க டாக்டர் ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. மெத்தப் படித்தவன், தன் விரலைப் போய்ச் சந்தேகிப்பானா.

அவன் சந்தேகித்தது மாமாவை. வெளியே சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவன். மெதுவாகத் தொடுங்கள், பொறுமையாகத் தொடுங்கள், டைல்ஸ் பதிக்கிற மாதிரி அமுக்காதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு யோசனை சொன்னான். ரசமட்டம் பூவைத் தொடுவதுபோலத் தொட்டார். இரண்டு விரல் வைத்தார், மூன்று விரல் வைத்தார். புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஈரம் காயாமல் தேய்த்தபோது அம்புக்குறி ஒரு சாண் நகர்ந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். விரல் காய்ந்ததும் அம்புக்குறியும் நின்றது. அந்தப் பக்கமாக வந்த மைத்துனன், மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கண்டு அலறிப் புடைத்துக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். கையில் கிடைத்த துப்பையும் அதோடு சேர்த்து வாஷ்பேசினில் கொட்டினான்.

வியாழக்கிழமை மனைவி வேலை முடிந்து வந்து, எங்கே பார்க்கலாம் என்று ஒற்றை விரலால் தடவினார். அம்புக்குறி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. அதைப் பார்த்த ரசமட்டத்தின் முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் யாரும் உனக்கு இது வராது என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. சொல்லாமல், வயசானால் புதுசு ஏறக் கொஞ்சம் நாளாகும் என்று ஆளாளுக்கு இதமாகப் பேசினார்கள். அந்த இதம்தான் அவரை அறுத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அன்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார். "முதலாளியம்மாவுக்கு ஃபோன் போட்டு, இவருக்கு மண்டையில ஏறாதுன்னு சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன், எனக்கு நாக்கு வராது."

மனைவி ஃபோன் போடவில்லை. நாளைக்குச் சொல்லிக்கலாம், இன்னும் ஒரு நாள் இருக்கில்ல என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். கூட நாலு வார்த்தை ஆறுதல் சொல்லியிருந்தால் அவர் உடைந்திருப்பார். அது அந்த அம்மாளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை விழித்தபோது ரசமட்டத்துக்கு வருத்தம் போய்க் கோபம் வந்திருந்தது. நல்ல கோபம். பெட்டியில் வந்த டைல்ஸில் ஒன்று உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தால், சிமெண்டையும் மணலையும் மாற்றிக்கொண்டா இருப்போம்? டைல்ஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். மைத்துனன் தொட்டால் ஓடுகிறது, மனைவி தொட்டால் ஓடுகிறது. தரையில் குற்றமில்லை. அப்படியானால் டைல்ஸை எடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பத்து விரலையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார். வலது கட்டைவிரல், இல்லை. ஆள்காட்டி, இல்லை. நடுவிரல், இல்லை. வலது கை முடிந்து இடது கைக்கு வந்து, நாலு விரல் தாண்டி, கடைசியாகச் சுண்டுவிரலை வைத்தார்.

அம்புக்குறி நகர்ந்தது.

எடுத்தார், வைத்தார். நகர்ந்தது. இடது சுண்டுவிரலை மூக்குக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்தார். வலது கையில் கரண்டி பிடித்து, இடது கையால் சந்துக்குக் கலவை பூசும்போது அந்தச் சுண்டுவிரலை மட்டும் மேலே தூக்கிக்கொள்வது அவர் வழக்கம். டீ குடிக்கிற துரை மாதிரி இருக்கிறது என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். சிமெண்டு தின்னாத ஒரே விரல் அதுதான். மற்ற ஒன்பதும் வழவழவென்று, ரேகை இருந்த இடம் தெரியாமல் தேய்ந்து, காய்ந்து, தோல் தடித்துக் கிடந்தன. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தம்பிக்கு ஃபோன் செய்தார்.

மைத்துனன் வந்து பார்த்தான். சுண்டுவிரல் ஓடுவதையும் மற்றது ஓடாததையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டினான். விரலை வைக்கச் சொன்னான். திரையில் எண்கள் ஓடின. விரல் பட்டதைத் தான் எவ்வளவு உணர்கிறது என்று டச்பேட் எண்ணாகச் சொல்லுமாம். அமுக்குவதில் ஒன்றுமில்லையாம், தோல் காய்ந்து தடித்திருந்தால் எண் குறையும், ஈரமாக இருந்தால் ஏறும். அவன் விரலுக்கு ஐம்பத்தெட்டு. அக்காவின் விரலுக்கு நாற்பத்தொன்பது. மாமாவின் ஆள்காட்டி விரலுக்குப் பதினேழு, கட்டைவிரலுக்குப் பதினாலு, அந்தத் துரைச் சுண்டுவிரலுக்கு முப்பத்துமூன்று. முப்பதைத் தொட்டால்தான் டிரைவர் அதை விரல் என்றே ஒத்துக்கொள்ளும். அதற்குக் கீழே என்றால் தூசி துரும்பு என்று நினைத்து விட்டுவிடும்.

ரசமட்டம் எண்களைப் பார்க்கவில்லை. மைத்துனனைப் பார்த்தார். "அளக்கிற சாமான் உங்கிட்ட இருந்துச்சா?"

இருந்தது என்று அவன் முனகினான்.

"இருந்துமா மூணு நாளா அளக்காம, இதைத் தூக்கி அங்க வச்சு, அதைத் தூக்கி இங்க வச்சுக்கிட்டு இருந்த? என் கையில நாலு வருஷம் வேலை பாத்தவன் இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன் மச்சான்."

அவர் அவனிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு, நீங்க சொல்றது சரிதான் மாமா என்றான். ரசமட்டத்துக்குக் கோபம் ஒரு நிமிஷம்தான் நின்றது. அதற்குப் பின்னாலேயே வந்தது சந்தோஷம். தனக்கு மண்டையில் ஏறாமல் இல்லை, வயசும் இல்லை, வெறும் பதினாலுக்கும் முப்பதுக்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசம் இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன கவலை. இறக்கவோ ஏற்றவோ வேண்டியதுதானே.

பூட்டுப் போடாத சாஃப்ட்வேர் என்று மைத்துனன் பீற்றிக்கொண்டது அன்றைக்குத்தான் நிஜமாக உதவியது. அந்த முப்பது, யாரோ எழுதி வைத்த சாதாரண எண். ஒரு சின்னக் கோப்பில் ஒற்றை வரி எழுதினால் மாற்றிவிடலாம். தொட்டதாக எடுத்துக்கொள்ளப் பன்னிரண்டு, விரலை எடுத்ததாக எடுத்துக்கொள்ளப் பத்து. எழுதி, பெட்டியை அணைத்துப் போட்டார்கள். ரசமட்டம் தன் தேய்ந்த ஆள்காட்டி விரலை வைத்தார். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போனது. அவர் அதைத் திரையின் நாலு மூலைக்கும் ஓட்டிப் பார்த்தார், தரை போட்டு முடித்ததும் நாலு மூலையும் பார்ப்பது போல. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். அப்படியே இருக்கட்டும்.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. இப்போது மைத்துனன் கையைக் கிட்டே கொண்டுபோனாலே, தொடுவதற்கு முன்பே அம்புக்குறி கம்பி நீட்டியது. மனைவியின் புடவைத் தலைப்பு உரசியதற்குத் திரையில் திறந்திருந்த இரண்டு ஜன்னல் மூடிக்கொண்டன. வீட்டில் அந்தப் பெட்டியை அடக்கி ஆளக்கூடிய ஒரே ஆள் ரசமட்டம்தான் என்று ஆனது. அவர் அதைச் சிக்கல் என்றே ஒத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை போன வீட்டில் கதவு ஜன்னல் எதுவும் மாட்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர், அவர் மனைவி, முதலாளியம்மா, ஐந்து சுவர் கொண்ட ஒரு கோணல் அறை. ரசமட்டத்தின் மனைவி டேப்பின் ஒரு முனையைக் குனிந்து பிடிக்க, அவர் நின்றபடியே மறுமுனையைப் பார்த்து எண் எழுதினார். லேப்டாப்பை இடது முன்கையில் தாங்கிக்கொண்டு வரைந்தார். வீட்டம்மாள் டைல்ஸைச் சாய்சதுரமாகப் போடச் சொன்னார். போட்டுக் காட்டினார். வாசலுக்கு நேராக விரல் அகலத்தில் வெட்டுத் துண்டாக வருவதையும் காட்டினார். பிறகு மொத்த வரிசையையும் அரை டைல்ஸ் தள்ளினார். வெட்டுத் துண்டெல்லாம் அலமாரி வரப்போகிற சுவருக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. வீட்டம்மாள் முகம் மலர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர், இந்த இடத்தில் என்று எதையோ காட்டக் கையை நீட்டினார். விரல் டச்பேடுக்கு மேலே காற்றில்தான் போனது. ஐந்து சுவரும் கழன்று திரைக்கு வெளியே பறந்தன. முதலாளியம்மா புருவத்தைச் சுருக்கினார். ரசமட்டம் கீபோர்டில் இரண்டு பொத்தானை அழுத்திச் சுவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு, "ஐயா, கையைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. இது சிமெண்டுல தேஞ்ச விரலுக்கு வச்ச அளவு. உங்களுது ரொம்ப நல்ல விரல், அதுக்குத் தாங்காது" என்றார். வீட்டுக்காரர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பாராட்டா திட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை. முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்தார். கிளம்பும்போது, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள் என்றார்.

வேலை கிடைத்த கையோடு ரசமட்டம் மைத்துனனை ஒரு காரியம் செய்யச் சொன்னார். எங்கேயாவது எவனாவது தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இதை எழுதிப் போடு என்றார். லினக்ஸ்காரர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் கேள்வி பதில் எழுதிக்கொள்ளும் இடத்தில் மைத்துனன் எழுதினான். கைவேலை செய்து விரல் தேய்ந்தவர்களுக்கு டச்பேட் வேலை செய்யாது, டிரைவரை மாற்ற வேண்டாம், இந்த வரியில் பன்னிரண்டு, பத்து என்று எழுதுங்கள், சரியாகிவிடும் என்று.

மூன்று வாரம் பதிலே இல்லை. ஒரு மத்தியானம் ரசமட்டம் கடைப்பக்கம் போனபோது, மைத்துனன் பல்லெல்லாம் தெரிய வரவேற்று ஒரு பதிலைப் படித்துக் காட்டினான். எழுதியவருக்குப் பெயர் இல்லை, எந்த ஊர், என்ன வேலை என்றும் இல்லை. பன்னிரண்டு போட்டுப் பார்த்தேன், நகரவில்லை, நமக்கு இதெல்லாம் எதற்கு என்று மூடி வைத்துவிட்டேன், பத்து நாள் கழித்து மனசு கேட்காமல் ஒவ்வொன்றாகக் குறைத்தேன், ஏழில் நகர்ந்தது, நன்றி என்று எழுதியிருந்தது. மைத்துனன் உலகத்தையே ஜெயித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ரசமட்டம் சிரிக்கவில்லை. ஏழா என்று கேட்டார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தன் கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"முப்பதுன்னு எழுதினவன் மேல எனக்குக் கோபம் மச்சான். தன் விரலை வச்சுப் பாத்து எழுதிட்டான்னு. நானும் அதேதானே பண்ணியிருக்கேன்? பன்னிரண்டுன்னு நம்பி வச்சுப் பாத்து, அதுவும் நகரலைன்னதும் அந்த ஆளு பத்து நாள் எப்படி இருந்திருப்பாரு."

பன்னிரண்டு, பத்து என்று எழுதிப் போட்ட அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மைத்துனன் அதை அழிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த இடத்தில், முதலில் உங்கள் விரலை அளந்துகொள்ளுங்கள் என்று எழுத வைத்தார்.